மைனாவின் முகம் போட்ட பேனர்

அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மைனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து நிலையத்தில் சிரித்தாள். மீன் ஏலம் விடும் கூடத்தில் சிரித்தாள். பள்ளிக்கூட வாசலிலும், கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடியிலும் வெயில் மழை பாராமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பயந்துவிடாதீர்கள். நிஜ மைனா ஒருத்திதான். மற்றதெல்லாம் பேனர்.

மைனா என்பது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறாளே என்று அம்மா வைத்த பெயர். கடைசியில் ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அம்மா பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். முன் அறையில் பெரிய இயந்திரம். பின் அறையில் வீடு. இயந்திரம் 'சர்ர்... சர்ர்...' என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினால், வெள்ளைத் துணியில் கொஞ்சம் கொஞ்சமாக யாருடைய மூக்கோ, யாருடைய மீசையோ வந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் அடிப்பது மைனாவின் வேலை. யாரும் செய்யச் சொல்லவில்லை. சுத்தியலால் 'டொக்' என்று அடிக்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஒரு நாள் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். விழாக்களையெல்லாம் கவனிப்பவர் அவர்தான். வாயைத் திறந்தாலே "அவசரம்" என்பார். அதனால் மைனா அவருக்கு 'அவசரம் மாமா' என்று பெயர் வைத்திருந்தாள். அவர் காதுபட இல்லை.

"அக்கா, அவசரம்! சாயங்காலத்துக்குள்ள வேணும். ஒரு பக்கம் தலைவர் படம். இன்னொரு பக்கம் ஒரு சின்னப் பிள்ளை படம். நெஞ்சுல கை வெச்சிருக்கணும்."

"எந்தப் பிள்ளைங்க?" என்று அம்மா கேட்டார்.

"எந்தப் பிள்ளையா இருந்தா என்னக்கா? பல் தெரியணும், அவ்வளவுதான்."

அந்த நேரம் பார்த்துத்தானா மைனா பள்ளிக்கூடம் விட்டு வரவேண்டும்? அவளுக்குத்தான் பல் தெரியாத நேரமே கிடையாதே!

சாயங்காலத்துக்குள் பேனர்கள் தயாராகிவிட்டன. இந்தப் பக்கம் நகராட்சித் தலைவர். அந்தப் பக்கம் மைனா. நடுவில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'இந்த மழைக்குள் கால்வாயில் குப்பை தடுக்கும் வலை! கடலுக்கு இனி ஒரு பிளாஸ்டிக்கும் போகாது. இது எங்கள் வாக்கு!'

அதற்கப்புறம் மைனா பள்ளிக்கூடத்துக்கு நேர்வழியில் போகவே இல்லை. சுற்றிச் சுற்றிப் போனாள். அப்போதுதானே எல்லா மைனாவையும் பார்க்க முடியும்?

அவளுடைய தோழி நண்டு, பேனர் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நின்று சலாம் போட்டாள். நண்டின் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு. இவளோ ஓரிடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறவள். அதனால் நண்டு.

"ஏய், நிஜமாவே வலை போடுவாங்களா?" என்று நண்டு கேட்டாள். "மழை வந்தா ஊர்க் குப்பை மொத்தமும் கால்வாய் வழியா கடலுக்குத்தான் வருது. அப்பா வலையில மீனை விட பாட்டில்தான் அதிகமா இருக்கு."

"பின்ன? பேனர்லயே போட்டிருக்கே! நானே வளையம் அடிச்சேன்டி."

மைனா பொய் சொல்லவில்லை. அவளுடைய கணக்கு அப்படி. 'கடை திறப்பு' என்று அம்மா அச்சடித்தால் கடை திறந்தது. 'திருமணம்' என்று அச்சடித்தால் திருமணம் நடந்தது. அச்சடித்தது நடக்காமல் போனதை அவள் பார்த்ததே இல்லை.

நண்டு வீட்டுக்கு ஓடிப்போய், "வலை வருதாம்பா! மைனாவே சொல்லிட்டா!" என்றாள்.

மழைக்கு முன்னால் காற்று வந்தது. இரண்டு நாள் பேய்க்காற்று. கூரைத் தகரங்கள் படபடத்தன. பாலத்தில் இருந்த பேனர் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. யாரும் தேடவில்லை. பேனர் காணாமல் போனால் யார் தேடுவார்கள்?

காற்று அடங்கி, படகுகள் மறுபடி கடலுக்குப் போன அன்று நண்டு பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் மைனா படகுத்துறைக்கு ஓடினாள்.

நண்டின் படகைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. நண்டின் அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகின் பின்பக்கம் கத்தியால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம் மைனா கேட்டாள்.

"இன்ஜின் விசிறில ஏதோ சுத்திக்கிச்சு. நடுக்கடல்ல அப்படியே நின்னுடுச்சு. வேற படகு போய்க் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. நல்ல வேளை, காத்து அடங்கியிருந்துச்சு. இல்லேன்னா என்ன ஆகியிருக்குமோ!"

நண்டின் அப்பா பலங்கொண்ட மட்டும் இழுத்தார். விசிறியிலிருந்து கயிறும் துணியுமாக ஒரு சுருள் வந்தது. அதைக் கரையில் போட்டார். அது மெல்ல விரிந்தது. ஒரு பித்தளை வளையம். நெஞ்சில் வைத்த ஒரு கை. அப்புறம் ஒரு கண், பாதி வாய், வரிசையாகப் பல்.

மைனாவின் பல்.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் அவளைப் பார்த்தார்கள்.

யாரும் திட்டவில்லை. யாராவது நன்றாகத் திட்டியிருந்தாலாவது தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. காது இரண்டும் சுட்டன. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பூமிக்குள் புதைந்து போய்விடலாம் போல அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நண்டு அவள் முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"கடலுக்கு ஒரு பிளாஸ்டிக்கும் போகாதுன்னு நெஞ்சுல கை வெச்சுச் சொன்னியே. நீயே போய்க் கிடந்திருக்க!"

"அது... அது பிளாஸ்டிக் இல்ல. பிளெக்ஸ் துணி..."

"துணியா? துணியை அறுக்கவா எங்கப்பா கத்தி இப்படி மழுங்கிப் போச்சு?"

"விடும்மா," என்றார் நண்டின் அப்பா. "சின்னப் பிள்ளை அது. அவளா எழுதினா?"

அவர் அப்படிச் சொன்னதும் மைனாவுக்கு இன்னும் கூசியது. அந்தக் கிழிசலை மடித்து எடுத்துக்கொண்டாள். பெரிய தெரு வழியாகப் போகவில்லை. அங்கே போனால் அவளுடைய முகம்தானே வழியெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்கும்? சந்து சந்தாகப் புகுந்து வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, பிளெக்ஸுங்கறது துணிதானே?"

"துணி மாதிரி இருக்கும். ஆனா பிளாஸ்டிக்தான். மழையில நனையாது, அதான் எல்லாரும் கேக்கறாங்க. ஏன்டி?"

மைனா கிழிசலை மேசைமேல் விரித்தாள். நடந்ததைச் சொன்னாள். அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அந்தப் பித்தளை வளையத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"நாம அச்சடிக்கறவங்க மைனா. என்ன எழுதியிருக்கு, நடக்குமா நடக்காதான்னு கேட்டுட்டிருந்தா கடை நடக்குமா?"

இதைச் சொல்லும்போது அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"என் மூஞ்சி இருக்கேம்மா," என்றாள் மைனா.

அம்மா கிழிசலை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் நண்டுக்குப் பக்கத்தில் மைனா வழக்கமாக உட்காரும் இடத்தில் நண்டின் புத்தகப்பை உட்கார்ந்திருந்தது. மைனா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பை நகரவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க அவள் பேசவே இல்லை. ஆசிரியர் பக்கத்தில் வந்து, "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வாரமே அவசரம் மாமா மறுபடி வந்தார்.

"அக்கா, அவசரம்! ஞாயித்துக்கிழமை படகுத்துறையில விழா. திட்டத்தோட ரெண்டாம் கட்டம். பேனர்ல எல்லாம் அதேதான். 'இந்த மழைக்குள்'னு இருக்கற இடத்துல 'அடுத்த மழைக்குள்'னு மாத்திடுங்க, போதும்."

பின் அறையிலிருந்து மைனா வந்தாள். "மாமா, வலை எங்க?"

"வலையா? அது எப்பவோ வந்தாச்சே! நகராட்சி குடோன்ல பத்திரமா இருக்கு. தூசி படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுத்தி வெச்சிருக்கோம்."

"வந்தாச்சுன்னா ஏன் போடலை?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? திறந்து வைக்கப் பெரிய ஆளா யாராவது வரணும்ல? ரிப்பன் வெட்டாம எப்படிப் போடறது? அதுக்கு ஒரு தேதி வேணும். தேதி இன்னும் முடிவாகலை."

"அதுக்குள்ள மழை வந்துட்டா?"

"அதான் அடுத்த மழைன்னு போடச் சொல்றேனே!" அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வலைக்கு ஒண்ணும் அவசரமில்லை. பேனர்தான் அவசரம்."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாப்பா படம் வேண்டாமே. வேற பூ, பறவைன்னு ஏதாவது போட்டுடவா?"

"ஐயோ, அதே படம்தான்க்கா! ஊருக்கே பழகின மூஞ்சி. ஞாயித்துக்கிழமை பாப்பாவும் மேடைக்கு வரணும். மைக்ல 'இது எங்கள் வாக்கு!'ன்னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும்."

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க," என்றார் அம்மா. அது பொய். மகளைக் காப்பாற்ற அந்த நிமிடத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது அந்தப் பொய்தான்.

"நான் வரேன் மாமா," என்றாள் மைனா.

அன்று இயந்திரம் 'சர்ர்... சர்ர்...' என்று ஓடியது. மைனா சுத்தியலைத் தொடவில்லை. அம்மாவே வளையம் அடித்தார். இரண்டு தரம் விரலில் அடித்துக்கொண்டார்.

"பிடிக்கலைன்னா போக வேண்டாம்டி. நான் சொல்லிக்கறேன்."

"போகணும்மா. நண்டோட அப்பா அங்க இருப்பார்ல?"

"அவர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"தெரியலை," என்றாள் மைனா. நிஜமாகவே அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானம் கருகருவென்று இருந்தது. படகுத்துறையில் மேடை போட்டு, நாற்காலி போட்டு, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிப் படகுக்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் புதுப் பேனர். அதில் தலைவரும் மைனாவும் வீட்டுக் கதவு உயரத்துக்குச் சிரித்தார்கள்.

தலைவர் கடலைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கைதட்டு வந்தது. கடைசியில் அவசரம் மாமா மைனாவை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கை... நெஞ்சுல கை!" என்று கிசுகிசுத்தார்.

பழக்கத்தில் மைனாவின் கை தானாகவே நெஞ்சுக்குப் போய்விட்டது. முன்வரிசையில் நண்டின் அப்பா. பக்கத்தில் நண்டு, மேடையைப் பார்க்காமல் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைனா கையைக் கீழே இறக்கினாள்.

"போன தடவை... இந்த மழைக்குள்ள வலை போட்டுடுவோம்னு சொன்னேன். போடலை. கடலுக்கு ஒரு பிளாஸ்டிக்கும் போகாதுன்னு சொன்னேன். என் பேனரே போயிடுச்சு. நண்டு அப்பாவோட இன்ஜின்ல சுத்திக்கிச்சு. எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. எல்லாரும் மன்னிச்சிடுங்க."

மைக் 'கீச்'சென்று ஒரு தரம் கத்திவிட்டு ஓய்ந்தது. அதற்கப்புறம் அலை மோதும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தலைவர் குனிந்தார். "நீ ஏம்மா மன்னிப்புக் கேக்கற? நீ குழந்தை."

"பேனர்ல நாம ரெண்டு பேருதான் சார் இருக்கோம்," என்றாள் மைனா. "யாராவது ஒருத்தர் கேக்கணும்ல?"

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தலைவர் நிமிர்ந்தார். பின்னால் இருந்த தன் பெரிய முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. இவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"வலை எங்கய்யா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடோன்ல சார். தேதிதான்..." என்று அவசரம் மாமா இழுத்தார்.

"தேதியை யார் குடுக்கணும்?"

அவசரம் மாமா தரையைப் பார்த்தார். பதில் தலைவருக்கே தெரியும்.

"நான்தான்," என்றார் தலைவர். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் மைக் அணைக்கப்படவில்லை. படகுத்துறை முழுவதும் அது கேட்டது.

"சார்," என்றாள் மைனா. "ரிப்பன் வெட்டின அப்புறம்தான் வரணும்னு மழைக்குத் தெரியாதே சார்."

சொல்லி வைத்த மாதிரி அவள் மூக்கின்மேல் முதல் துளி விழுந்தது.

நண்டின் அப்பா எழுந்தார். "வலையைக் கொண்டு வாங்க சார். படகு இருக்கு. நாங்க கட்டித் தரோம்."

"வண்டியை அனுப்புய்யா. இப்பவே!" என்றார் தலைவர்.

"அவசரம்! அவசரம்!" என்று கத்திக்கொண்டே அவசரம் மாமா ஓடினார். அவர் ஓடி அந்த ஊர் பார்த்ததே இல்லை.

வலை வந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை நண்டின் அப்பாவே கிழித்து, சுருட்டி, மறக்காமல் வண்டியிலேயே திருப்பிப் போட்டார். கால்வாயின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகுகள் கயிற்றை இழுத்தன. தலைவர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். யாரோ படம் பிடிக்க ஓடி வந்தார்கள். "வேண்டாம்," என்றார் அவர். முகத்தைக் கூடத் திருப்பவில்லை.

அந்த மழையிலேயே அம்மா ஏணியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா ஏறிக் கயிறு அறுக்க, மைனா கீழே நின்று வாங்கிச் சுருட்டினாள். பேருந்து நிலையம், ஏலக்கூடம், பள்ளிக்கூட வாசல் என்று ஓர் இடம் விடவில்லை.

"ஏன்க்கா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்று தேநீர்க்கடைக்காரர் கேட்டார்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த கம்பத்துக்குப் போனார்.

சுருட்டிய பேனர்கள் படகுகளின் இன்ஜினுக்கு மூடுதுணி ஆயின. "என் மூஞ்சி உள்பக்கமா இருக்கட்டும் மாமா," என்று நண்டின் அப்பாவிடம் மைனா கேட்டுக்கொண்டாள். அவர் சிரிக்காமல் அப்படியே கட்டினார்.

இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் ஊரே பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தது. வலைக்குள் பாட்டில், பை, அறுந்த செருப்பு, கையில்லாத பொம்மை என்று மலையாகக் குவிந்திருந்தது. எல்லாமே நின்றுவிடவில்லை. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறைகள் அடியில் நழுவிப் போய்க்கொண்டுதான் இருந்தன. "கீழே இன்னும் கல்லு கட்டணும்," என்று நண்டின் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அப்புறம் அவரிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். மைனாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் நண்டின் அப்பா கையைத் துடைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

குப்பை அள்ளும் வண்டியைத்தான் காணோம். அவசரம் மாமா குடையை மறந்துவிட்டு, தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். "எங்கய்யா இருக்கீங்க? வலை நிறைஞ்சு வழியுது! அவசரம்யா!"

குச்சியால் வலையைக் கிளறிக்கொண்டிருந்த நண்டு, ஒரு கிழிசலைத் தூக்கிப் பார்த்தாள். பழைய பேனரின் மறுபாதி. அதில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உன்னோட பாதி எங்க?" என்றாள். படகை இழுத்து வந்த அன்றைக்குப் பிறகு அவள் மைனாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எங்க வீட்ல. கட்டிலுக்கு அடியில."

"அதை எதுக்கு வெச்சிருக்க?"

"இன்னொரு தடவை யாராவது படம் கேட்டா, எடுத்துப் பாத்துக்கறதுக்கு."

நண்டு கிழிசலை வண்டிக்காக ஒதுக்கிய குவியலில் போட்டுவிட்டு, குறுக்கே ஓடி மறைந்துவிட்டாள்.

மைனா குனிந்த தலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். போகிற வழியில் ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தாள்.

நண்டின் புத்தகப்பை தரையில் இருந்தது.